நெல் வேரில் குடியிருக்கும் நண்பர்கள்

சென்ற மே மாதம் முதல் நாள், நமது வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் கிராமசபை கூடியபோது உயிர் உரங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. முதிய குடியானவர் ஒருவர் எழுந்து நின்றார். "ஐயா, உளுந்துச் செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிகிறது. அதற்குள் நுண்ணுயிர் இருக்கிறது என்றால் நம்புகிறோம். நெல்லைப் பிடுங்கினால் வெறும் வேர்தானே இருக்கிறது? அதற்குள் எது குடியிருக்கப் போகிறது? நானும் மூன்று போகம் அசோஸ்பைரில்லம் பொட்டலம் வாங்கிப் போட்டேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை" என்றார். கூடியிருந்தவர்களில் பலர் ஆமோதித்துத் தலையசைத்தனர்.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். நெல் வேருக்குள் உண்மையிலேயே ஏதேனும் வாழ்கிறதா என்பது ஒன்று. வாழ்கிறதெனில், தாம் செலவிட்ட காசுக்குப் பலன் ஏன் கிட்டவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். அன்று அக்கூட்டத்தில் சுருக்கமாகக் கூறிய மறுமொழியை எல்லா உழவர்களுக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் பயன்படுமாறு இங்கே விரித்துக் கூறுகின்றோம்.

காற்றில் உள்ள செல்வம்

பயிர் பசுமையாகத் தழைப்பதற்கு வேண்டிய தழைச்சத்து நைட்ரஜன் என்னும் வாயுவிலிருந்து பெறப்படுவது. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இவ்வாயுவே. ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் நிற்கும் காற்றில் மட்டும் சுமார் 30,000 டன் நைட்ரஜன் உள்ளது. ஆயினும், இச்செல்வத்தில் ஒரு குன்றிமணி அளவைக்கூடப் பயிர் தானாக எடுத்துக்கொள்ள இயலாது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதே இதற்குக் காரணம். அப்பிணைப்பைப் பிரிக்கும் ஆற்றல் எந்தப் பயிருக்கும் இல்லை.

உரத் தொழிற்சாலையில் இப்பிணைப்பைப் பிரிப்பதற்குக் கடும் வெப்பமும் பேரழுத்தமும் இயற்கை எரிவாயுவும் தேவைப்படுகின்றன. அவ்வாறு செய்யப்படுவதே நாம் மூட்டை மூட்டையாக வாங்கும் யூரியா. அதே வேலையைச் சில பாக்டீரியாக்கள், கண்ணுக்குத் தெரியாத தம் உடலில் உள்ள ஒரு நொதியைக் கொண்டு, வயலின் சாதாரண வெப்பத்திலேயே செய்து முடிக்கின்றன. பயறு வகைகளின் வேர் முடிச்சுகளில் இவ்வேலை நடைபெறுவதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் 1888-ஆம் ஆண்டில் ஐயமற நிறுவினர். அதே ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் பெயரிங்க் அம்முடிச்சிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

முடிச்சில்லாத வேரில் எங்கே இடம்?

நெல் வேரில் முடிச்சு தோன்றுவதில்லை என்பது உண்மையே. ஆனால், முடிச்சு இல்லையென்பதால் குடியிருப்போர் இல்லையென்று கொள்ளலாகாது. உளுந்துச் செடி தன்னிடம் வரும் பாக்டீரியாவுக்குத் தனி அறை கட்டிக்கொடுக்கிறது. அந்த அறையே முடிச்சு. நெற்பயிர் அறை கட்டுவதில்லை. திண்ணையில் தங்க இடங்கொடுக்கிறது. அத்திண்ணை எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

நெல் வேரைக் குறுக்கே நறுக்கி உருப்பெருக்கியில் நோக்கினால், மேல்தோலுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே காற்றுக் குழாய்கள் பல தென்படும். சேற்று நீரில் நிற்கும் பயிர், இலைகளிலிருந்து இக்குழாய்கள் வழியாகவே வேருக்குப் பிராணவாயுவை அனுப்புகிறது. இக்குழாய்களின் ஓரங்களிலும், ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவேயுள்ள சந்துகளிலும் பாக்டீரியாக்கள் தங்குகின்றன.

உள்ளே நுழையும் வழியும் இயற்கையாகவே அமைந்துள்ளது. பக்கவேர் என்பது தாய்வேரின் உட்புறத்தில் தோன்றி, மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவருவது. அது வெளிவரும் இடத்தில் நுண்ணிய வெடிப்பு உண்டாகிறது. வேரிலிருந்து கசியும் சர்க்கரையையும் புளிப்புப் பொருள்களையும் நாடி வரும் பாக்டீரியாக்கள் அவ்வெடிப்பின் வழியே உட்புகுகின்றன. வேரின் இளநுனியும் அவற்றுக்கு மற்றொரு வாயில்.

வந்த யாவரையும் பயிர் உள்ளே விட்டுவிடுவதில்லை. அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது. வேரைச் சுற்றியுள்ள மண்ணிலும், வேரின் மேற்பரப்பிலும், வேரின் உள்ளும் வாழும் கூட்டங்கள் வெவ்வேறானவை என்று அவர்கள் கண்டனர். உள்ளே இருக்கும் கூட்டத்தில் வகைகள் குறைவு. மேலும், நாற்றைப் புதுமண்ணில் நட்ட ஒரே நாளில் மண்ணின் பாக்டீரியாக்கள் வேருக்குள் குடியேறத் தொடங்கிவிடுகின்றன. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் குடியேற்றம் ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே, நல்ல பாக்டீரியாவை நாம் சேர்ப்பதாயின் விதையிலும், நாற்றிலும், நடவிலும் சேர்க்க வேண்டும். திண்ணை நிறைந்த பின்னர் அனுப்பும் விருந்தாளிக்கு இடம் கிடைப்பது அரிது.

நைல் நதி தந்த சான்று

நெல் வேருக்குள் வாழும் பாக்டீரியாவினால் உழவருக்கு நன்மை உண்டா என்பதற்கு எகிப்து நாட்டிலிருந்து ஓர் அரிய சான்று கிடைத்துள்ளது. நைல் நதியின் முகத்துவாரச் சமவெளியில் நெல்லையும், பெர்சீம் என்னும் தீவனப் பயிரையும் மாற்றி மாற்றிப் பயிரிடும் வழக்கம் 700 ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. பெர்சீம், நம் ஊர்க் குதிரைமசாலைப் போன்று பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேரில் முடிச்சுகள் உண்டு.

பெர்சீம் பயிரிட்ட வயலில் அடுத்து நெல் வைத்தால், சிபாரிசு செய்யப்பட்ட தழைச்சத்து உரத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைத்துக்கொள்ள முடிந்தது. பெர்சீம் மண்ணில் விட்டுச் சென்ற தழைச்சத்தை மட்டும் கணக்கிட்டால் இவ்வளவு மிச்சம் ஏற்படுவதற்குக் காரணம் புலப்படவில்லை. எகிப்து நாட்டு அறிஞர் யூசுப் யன்னி என்பாரும், அமெரிக்க அறிஞர் பிராங்க் டாசோ என்பாரும், அவர்தம் குழுவினரும் இதை ஆராய்ந்து 1997-ஆம் ஆண்டில் விடையை வெளியிட்டனர். பெர்சீம் வேரில் முடிச்சு உண்டாக்கும் அதே ரைசோபியம் பாக்டீரியா, நெல் பயிரிடப்படும் காலத்தில் நெல் வேருக்குள் குடிபுகுந்து வாழ்ந்து வந்தது. பெர்சீம் திரும்ப வந்ததும் மீண்டும் முடிச்சுக்குச் சென்றது. நூற்றாண்டுக் கணக்கில் இரு வீட்டிலும் மாறி மாறி வாழ்ந்து பழகிய குடி அது!

அவ்வாராய்ச்சியில் கவனிக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. பிரித்தெடுத்த பாக்டீரியா வகைகள் எல்லாமே நெல்லுக்கு நன்மை செய்யவில்லை. சில வகைகள் வளர்ச்சியைப் பெருக்கின. சில எந்தப் பலனும் தரவில்லை. ஒரு நெல் ரகத்துக்கு உகந்தது மற்றொரு ரகத்துக்கு உகந்ததாக அமையவில்லை. ஆகவே, நெல்லுக்குப் பின் நாம் உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பதால் நைல் சமவெளியின் பலன் இங்கும் அப்படியே கிட்டிவிடும் என்று எண்ணிவிடலாகாது. பயிர்ச்சுழற்சியினால் மண் வளம் பெறுவது உறுதி. எந்தப் பாக்டீரியா எந்த நெல்லோடு ஒத்து வாழும் என்பதை அந்தந்த மண்ணில் சோதித்தே அறிய வேண்டும்.

இக்குடிகள் செய்யும் உதவி

நம் மாநிலத்து நெல் உழவர்களுக்கு நன்கு அறிமுகமானது அசோஸ்பைரில்லம். பெயரிங்க் 1925-ஆம் ஆண்டில் விவரித்த இவ்வினம் நெடுங்காலம் எவராலும் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது. பிரேசில் நாட்டில் பணியாற்றிய யோகன்னா டோபரைனர் என்னும் பெண்மணியார் 1970-களில் புல், தானிய வகைகளின் வேர்களில் இதன் சிறப்பை எடுத்துக்காட்டினார். 1978-இல் அசோஸ்பைரில்லம் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. இது பெரும்பாலும் வேரின் மேற்பரப்பில் படிந்து வாழ்வது. சில வகைகள் வேருக்குள்ளும் புகுகின்றன.

இப்பாக்டீரியாக்கள் செய்யும் உதவிகளுள் முதன்மையானது வேர் வளர்ச்சி. பயிரின் வளர்ச்சிக்குரிய ஊக்கப் பொருளை இவை சுரக்கின்றன. அதனால் பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. வேர் பெருகினால் மண்ணிலுள்ள சத்தையும் நாம் இட்ட உரத்தையும் பயிர் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது உதவி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் சிறிதளவு பயிருக்கு ஏற்ற சத்தாக மாற்றித் தருவது. இவ்வேலையைச் செய்யும் நொதி, பிராணவாயு மிகுந்தால் கெட்டுப் போகும் இயல்புடையது. நீர் கட்டிய நெல் வயலில் பிராணவாயு குறைவாக இருப்பது இதற்கு அனுகூலம். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், தழைச்சத்து உரமே இடாமல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நெல் பயிரிட்ட பாத்திகளிலும் விளைச்சல் அடியோடு வற்றிவிடவில்லை. நீரிலும் மண்ணிலும் வேரிலும் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து சேர்த்துத் தரும் சத்தும் இதற்கு ஒரு காரணமாகும்.

மூன்றாவதாக, வேரில் நல்ல குடிகள் நிறைந்திருந்தால், நோய் உண்டாக்கும் கிருமிகளுக்கு இடமும் உணவும் சுருங்குகின்றன.

அளவுக்கு மீறிய நம்பிக்கை வேண்டா

உயிர் உரம் இட்டால் யூரியாவே தேவையில்லை என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். இது பிழையான கருத்து. ஒரு டன் நெல் விளைவதற்குப் பயிர் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை உறிஞ்சுகிறது. ஏக்கருக்கு இரண்டரை டன் விளைய வேண்டுமாயின் சுமார் 40 முதல் 50 கிலோ தேவை. இவ்வளவையும் வேரில் வாழும் பாக்டீரியாக்களே தந்துவிட இயலாது.

யூரியாவைக் கொட்டினால் மகசூல் கொட்டும் என்பதும் அதே அளவு பிழையானதே. நீர் நிற்கும் வயலில் இடும் யூரியாவில் பயிருக்குச் சேர்வது பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. எஞ்சியது ஆவியாகிக் காற்றோடு கலக்கிறது. நீரோடு கீழே இறங்கிவிடுகிறது. மிகுதியான தழைச்சத்தால் பயிர் கரும்பச்சையாகச் செழித்து, புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் வரவழைக்கிறது. அத்துடன், சுற்றிலும் தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது பாக்டீரியா நைட்ரஜனைச் சேர்க்கும் வேலையையே நிறுத்திவிடுகிறது. கையில் சோறு இருக்கும்போது அடுப்பு மூட்டுவார் உண்டோ?

ஆகவே நாம் எதிர்பார்க்கத்தக்க இலாபம் இதுவே: வேர் பெருகுவதால், இடும் யூரியாவில் வீணாவது குறையும். அதனால், தக்க சோதனைக்குப் பின், உரத்தின் அளவை நான்கில் ஒரு பங்கு வரை படிப்படியாகக் குறைக்கலாம். எப்போது உரம் வேண்டும் என்பதை இலை வண்ண அட்டையைக் கொண்டு பயிரின் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்தல் நன்று.

பொட்டலத்தில் உயிர் இருக்கிறதா?

இனி அம்முதியவரின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். கூட்டம் முடிந்தபின் அவர் பொட்டலம் வாங்கிய இடத்துக்கே சென்று பார்த்தோம். தகரக் கூரை வேய்ந்த அறை. மே மாத வெயில். யூரியா மூட்டைகளுக்கும் பூச்சிமருந்துப் புட்டிகளுக்கும் நடுவே உயிர் உரப் பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருந்தன. கையில் எடுத்துப் பார்த்தபோது வெதுவெதுப்பாகச் சுட்டது. சிலவற்றில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதியும் கடந்துவிட்டிருந்தது.

அங்கிருந்தவரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. எத்தனை பொட்டலங்கள் வழங்கப்பட்டன, இலக்கு எட்டப்பட்டதா என்றுதான் ஆய்வுக் கூட்டங்களில் நாமும் கேட்டு வந்திருக்கிறோமேயன்றி, பொட்டலத்தில் உயிர் இருக்கிறதா என்று ஒரு முறையேனும் கேட்டதில்லை. யூரியா மூட்டை ஓராண்டு கிடந்தாலும் யூரியாதான். உயிர் உரப் பொட்டலம் அப்படியன்று. அது உயிருள்ள பண்டம். வெயிலில் வைத்த பாலைப் போலக் கெட்டுப் போவது. மூன்று போகம் அம்முதியவர் இட்டது உயிர் உரமாக இராமல் வெறும் கரிப்பொடியாகவே இருந்திருத்தல் கூடும்.

மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, பொடி வடிவ உயிர் உரம் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியாக்கள் இருத்தல் வேண்டும். அதாவது 200 கிராம் பொட்டலம் ஒன்றில் 1,000 கோடி. உலக மக்கள் தொகையைவிட மிகுதியான உயிர்கள் நம் உள்ளங்கைப் பொட்டலத்தில் அடங்கியுள்ளன! அவற்றை உயிரோடு வயலில் சேர்ப்பதே நம் பொறுப்பு.

கையாளும் முறை

நமது மாநிலத்தில் நெல்லுக்குச் சிபாரிசு செய்யப்பட்டுள்ள முறை பின்வருமாறு:

1. விதைக்கு: ஓர் எக்டேருக்கு வேண்டிய விதைக்கு 5 பொட்டலம் (1 கிலோ) அசோஸ்பைரில்லம், ஏக்கர் கணக்கில் 2 பொட்டலம். விதையை ஊறவைக்கும் நீரில் கலந்து ஓரிரவு ஊறவிட்டு, பின்னர் விதைக்கலாம்.

2. நாற்றுக்கு: எக்டேருக்கு 5 பொட்டலத்தை 40 லிட்டர் நீரில் கரைத்து, அதாவது ஏக்கருக்கு 2 பொட்டலத்தை 16 லிட்டர் நீரில் கரைத்து, பறித்த நாற்றின் வேர்ப்பகுதி நனையும்படி 15 முதல் 30 நிமிடம் வரை வைத்திருந்து நட வேண்டும். இதை நிழலில் செய்தல் வேண்டும்.

3. நடவு வயலுக்கு: எக்டேருக்கு 10 பொட்டலத்தை 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மண் ஆகியவற்றுடன் கலந்து நடவுக்கு முன் சீராகத் தூவ வேண்டும். ஏக்கருக்கு 4 பொட்டலம், 10 கிலோ தொழு உரம், 10 கிலோ மண் என்பது கணக்கு.

இயந்திரத்தால் நடுவோர் நாற்றின் வேரை நனைத்தல் கடினமாகையால், விதையோடும் வயலிலும் இட்டுப் பயன் பெறலாம்.

செய்யக்கூடாதவை சில உண்டு. உயிர் உரத்தை யூரியாவுடனோ பிற இரசாயன உரங்களுடனோ கலந்து தூவலாகாது. பூசணக்கொல்லி மருந்தால் விதை நேர்த்தி செய்திருந்தால், 24 மணி நேரம் கழித்தே உயிர் உரத்தில் நேர்த்தி செய்ய வேண்டும். வாங்கும்போதே தேதியைப் பார்க்க வேண்டும். தேதி கடந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் வெயில் படாத குளிர்ந்த மூலையில், மருந்துகளுக்கு அப்பால் வைத்தல் வேண்டும். தொழு உரமும் தழையும் இட்டு மண்ணில் உயிர்ச்சத்தைப் பேணாத வயலில், எந்த நல்ல பாக்டீரியாவும் நெடுநாள் தங்காது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

நாற்று நடும் பெண்களுக்கும் இச்செய்தி தெரிந்திருத்தல் அவசியம். நாற்று முடிகளை எவ்வளவு நேரம் கரைசலில் வைப்பது, எங்கே வைப்பது என்பன நடவு நாளன்று அவர்கள் கையில்தான் உள்ளன. அவர்களுக்குக் காரணத்தை எடுத்துச் சொல்லாமல் வேலையை மட்டும் ஏவினால், இரண்டு நிமிடம் முக்கி எடுத்து வரப்பில் வெயிலில் போட்டுவிடுவது இயல்பே.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

நாம் கூறுவதை அப்படியே நம்பிவிட வேண்டும் என்று எவரையும் கேட்கவில்லை. உழவர் தம் கண்ணால் கண்டு முடிவு செய்வதே சிறந்தது. ஒவ்வொரு கிராமப் பஞ்சாயத்தும் மூன்று உழவர்களின் வயல்களைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொரு வயலிலும் ஒரே அளவான மூன்று பாத்திகள் அமைக்கட்டும். முதற்பாத்தியில் வழக்கமான உரம் மட்டும். இரண்டாவதில் அதே உரத்துடன் உயிர் உரம். மூன்றாவதில் யூரியாவை நான்கில் ஒரு பங்கு குறைத்து உயிர் உரம். ரகம், நாற்றின் வயது, நீர், நடவு நாள் யாவும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பாத்திகளின் நீர் ஒன்றோடொன்று கலவாதபடி இடையே வரப்பிடுதல் வேண்டும்.

நட்ட 30-ஆம் நாள் ஒவ்வொரு பாத்தியிலும் ஐந்து குத்துகளைப் பறித்துக் கழுவி வேரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்துக் குத்துகளில் தூர்களை எண்ணிக் குறிக்கலாம். அறுவடையில் நெல்லைத் தனித்தனியே நிறுக்க வேண்டும். மூன்று வயல்களின் கணக்கையும் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பலன் தெரிந்தாலும் எழுத வேண்டும். தெரியாவிட்டாலும் எழுத வேண்டும். பலன் தெரியாத வயலின் கணக்கு, அந்த மண்ணுக்கும் ரகத்துக்கும் எது பொருந்தவில்லை என்பதை அறிய வேளாண்மைத் துறையினருக்கு உதவும்.

உயிர் உரம் வைக்கும் இடத்தைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் பருவத்துக்கு ஒருமுறை நேரில் சென்று பார்ப்பதும் நலம். அறை குளிர்ச்சியாக உள்ளதா, தேதி கடந்த பொட்டலம் உள்ளதா என்று பார்ப்பதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. இனி வட்டார ஆய்வுக் கூட்டங்களில் பொட்டலங்களின் எண்ணிக்கையோடு அவற்றின் தேதியையும் கேட்பது என்று நாமும் முடிவு செய்திருக்கிறோம்.

அம்முதியவர் வருகின்ற சம்பாப் பருவத்தில் தம் வயலிலேயே மூன்று பாத்திகள் அமைத்துப் பார்க்க இசைந்துள்ளார். "பலன் தெரியாவிட்டால் கிராமசபையில் எழுந்து சொல்வேன், ஐயா" என்று கூறியே இசைந்தார். அவ்வாறே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். அவரைப் போன்று ஊருக்கு மூவர் முன்வருவாராயின், நெல் வேரில் வாழும் இந்நண்பர்களின் உதவி எவ்வளவு என்பதை ஒவ்வோர் ஊரும் தன் மண்ணிலேயே அளந்து அறிந்துகொள்ளலாம்.